கொக்கி எங்கே தொங்குகிறது

கேமரன் மலைத் தேயிலையைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பனி, பச்சை, மணம் என்று தொடங்குவார்கள். எனக்கு அது வராது. தேயிலை ஆலைக்குள் ஃபிட்டருக்கு உதவியாளாகப் போய், பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக வெளியே வந்தவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் எடை. யார் எதை எங்கிருந்து எங்கே தூக்குகிறார்கள், எப்படித் தூக்குகிறார்கள் என்பதைத்தான் வேலைக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்க நாலரையிலிருந்து ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஆலைக்குள் வர வேண்டும். மிச்சமெல்லாம் தண்ணீர், காற்றிலும் சூட்டிலும் போய்விடும். மலேசியாவிலேயே பெரிய தேயிலைக் கம்பெனியான போ, ஆண்டுக்கு ஏறத்தாழ 40 லட்சம் கிலோ தூள் தயாரிப்பதாகச் சொல்கிறது. அப்படியென்றால் அந்த ஒரு கம்பெனிக்கு மட்டும் இரண்டு கோடி கிலோவுக்கு முன்னே பின்னே கொழுந்து வருகிறது. அதை ஒரு தடவை தூக்கினால் முடிந்துவிடாது. செடியிலிருந்து பை, பையிலிருந்து தோள், தோளிலிருந்து லோரி, லோரியிலிருந்து தராசு, தராசிலிருந்து வாடவிடும் தொட்டி, தொட்டியிலிருந்து உருட்டு இயந்திரம். பழைய முறைப்படி எல்லாவற்றுக்கும் ஆள்பலம்தான். ஐந்து கை மாறினாலே பத்துக் கோடி கிலோ. இதில் எவ்வளவை மோட்டார் தூக்குகிறது, எவ்வளவை முதுகு தூக்குகிறது என்று எந்த ஆண்டறிக்கையும் போடுவதில்லை.

போ தோட்டம் 1929இல் தொடங்கியது. ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர் இடம் பிடித்தார்; சிலோனில் தேயிலை பார்த்த ஏ.பி. மில்ன் கூட நின்றார். காட்டைத் தோட்டமாக்க ஒரு ஸ்டீம் ரோலரும் சில கோவேறு கழுதைகளும் ஆட்களும் இருந்தார்கள் என்று அந்தக் கம்பெனியின் வரலாற்றில் வரும். ஸ்டீம் ரோலர் ஒன்று என்று எண்ணிச் சொல்கிறவர்கள் ஆட்களை எண்ணிச் சொல்வதில்லை. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. மலை ஏறி வந்த அந்த ஆட்களில் பெரும்பகுதி யார் என்று நமக்குத் தெரியும்.

தேயிலை ஆலைக்கு மாதிரி சிலோன்தான். அங்கே பழைய ஆலைகளில் கீழ்த்தளத்தில் இயந்திரம், மேல்மாடிகள் முழுக்கக் கொழுந்தை வாடப்போடும் தட்டுகள். மேலே வாடிய கொழுந்து குழாய் வழியாகக் கீழே உருட்டு இயந்திரத்தில் விழும். இறங்குவதற்குப் புவியீர்ப்பு உண்டு, காசு கேட்காது. ஏற்றுவதற்குக் கயிறும் கப்பியும், அது இல்லாத இடத்தில் படிக்கட்டும் தலைச்சுமையும். நுவரெலியா பக்கம் கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் ஆலையை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். விருந்தாளிகள் படுத்துத் தூங்கும் மாடிகளில்தான் முன்பு கொழுந்து வாடியது.

மூணாற்றுக் கதை இன்னும் பெரியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டுச் சின்ன ரயில். டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வரும் தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குப் போகும். 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. சொந்தக்காரர்களைப் பார்க்கப் போடிக்குப் போனபோது டாப் ஸ்டேஷனுக்கும் ஏறினேன். கூட வந்தவர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்து வியந்துகொண்டிருந்தார்கள். நான் ரோப்வே நின்ற இடத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு பெரிய தூக்குக் கருவியை மலையுச்சிக்குக் கொண்டுவந்தவர்கள், அதே தோட்டத்துக்குள் மூட்டை சுமந்தவருக்கு ஒரு கைவண்டி கொடுத்தார்களா என்பது வேறு கேள்வி. ஆள் தூக்க முடியாத இடத்துக்குத்தான் முதலில் இயந்திரம் வந்தது. ஆள் எப்படியோ தூக்கிச் சமாளிக்கிற இடத்தில், ஆளையே விட்டுவிட்டார்கள். எங்கள் மலையிலும் நெடுங்காலம் அதே வழக்கம்தான்.

எங்கள் ஆலையில் கொழுந்து இறக்கும் மேடைக்கு முதல் மின்சார ஹாய்ஸ்ட் வந்தபோது நான் இளம் ஃபிட்டர். அரை டன் தூக்கும். தலைக்கு மேல் இரும்பு பீம், அதில் ஓடும் டிராலி, கேபிளில் தொங்கும் பட்டன் பெட்டி. விற்றவர்கள் வந்து மாட்டினார்கள், ஓட்டிக் காட்டினார்கள், படம் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் கொக்கியில் யாரோ மழைக்கோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்குகள் பழையபடி தோளில்தான் போய்க்கொண்டிருந்தன.

மேலாளருக்குக் கோபம். ஆட்களுக்குப் பாதுகாப்பு உணர்வே இல்லை என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டேன். இன்றைக்கும் கேட்டால் எரிச்சல் வரும். அந்த மேடையில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த பெரியவர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, கொக்கி எங்க தொங்குது பாரு. சாக்கு எங்க கெடக்குது பாரு.”

பார்த்தேன். ஏற்கெனவே நின்ற இரண்டு தூண்களில் போல்ட் போட வசதியாக இருந்ததால் பீமை அங்கே மாட்டியிருந்தார்கள். லோரி பின்பக்கமாக வந்து நின்றால் அதன் வாலுக்கும் கொக்கிக்கும் நாலு எட்டு இடைவெளி. ஆக, ஓர் ஆள் சாக்கை லோரியிலிருந்து இழுத்துத் தோளில் ஏற்றி, நாலு எட்டு நடந்து, கீழே இறக்கி, குனிந்து கொக்கி மாட்டி, பட்டனை அழுத்தி, ஹாய்ஸ்ட் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தோளில் ஏற்றியவன் இன்னும் பத்து எட்டு நடந்தால் தராசிலேயே போட்டுவிடலாம். அவன் அப்படித்தான் செய்தான். அவன் கணக்கில் தப்பில்லை.

பிறகு தனியாகத் தூண் நிறுத்தி, பீமை லோரியின் தளத்துக்கு மேலேயே போகும்படி நீட்டினோம். கனம் வைத்துச் சோதித்த பிறகே ஓட விட்டோம். பட்டன் பெட்டியின் கேபிளை, லோரிக்கு மேலே நிற்கிறவன் கைக்கு எட்டும் நீளத்துக்கு மாற்றினோம். மேடையை லோரித் தளத்தின் உயரத்துக்கே உயர்த்தினோம். இதெல்லாவற்றையும்விட உதவியது ஒரு சின்ன விஷயம். கொழுந்து வரும் நைலான் வலைப் பைகளின் வாயில் நான்கு காது தைக்கச் சொன்னோம். நான்கையும் ஒரு வளையத்தில் கோத்தால் கொக்கி நேராகப் போய் மாட்டிக்கொள்ளும். முடிச்சுப் போட வேண்டாம், குனிய வேண்டாம். தையல்காரருக்குக் கொடுத்த கூலி, ஹாய்ஸ்ட் விலையில் தூசுக்குச் சமம். அதன் பிறகு ஹாய்ஸ்டைப் பயன்படுத்துங்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் அது பழுதானபோது மேடையில் எழுந்த கூச்சலைக் கேட்டு மேலாளரே இறங்கி வந்தார்.

பாங்கியில் உள்ள வேலையிடப் பாதுகாப்புக் கழகமான நியோஷுக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் பெரியவர் கண்ணால் பார்த்ததற்கு எண் உண்டு என்று தெரிந்தது. 1967இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதுவே தாராளமான சலுகையாகப் பட்டிருக்கும். அதே பெயருள்ள அமெரிக்க நியோஷ் பிறகு ஒரு வாய்ப்பாடு கொண்டுவந்தது. அதில் எல்லாம் சரியாக அமைந்தால் 23 கிலோ. சரியாக என்றால் சுமை உடம்போடு ஒட்டி, கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உடம்பு திரும்பக் கூடாது. பிடிக்க நல்ல கைப்பிடி வேண்டும். சுமை 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அந்த 23 பாதியாகிவிடும். இடுப்பை 90 பாகை திருப்பி இறக்கினால் அதிலும் கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு கழியும். மிஞ்சுவது எட்டுக் கிலோ.

லோரியின் ஓரத்தில் நின்று, கையை நீட்டி, உள்ளே கிடக்கும் பையை இழுத்து, பக்கவாட்டில் திரும்பித் தோளில் போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மழை நாளில் நனைந்த கொழுந்துப் பை எட்டுக் கிலோ இருக்குமா? எடையைக் குறை என்று சொல்கிற எல்லோரும் தராசைத்தான் பார்க்கிறார்கள். தூரத்தையும் திருப்பத்தையும் பார்த்தவர் எங்கள் மண்டோர் ஒருவர்தான், அவர் நாலாம் வகுப்பு.

முதுகிலிருந்து சுமையை எடுத்துவிட்டால் அது மறைந்துவிடாது. தலைக்கு மேல் போய் நிற்கும். தோளில் இருக்கும் பை விழுந்தால் கால் நசுங்கும். கொக்கியில் இருக்கும் ஐந்து பை விழுந்தால் ஆளே போய்விடுவார். ஹாய்ஸ்ட் வந்தவுடன் ஒரே தூக்கில் எத்தனை பை ஏற்றலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். பிரச்சினை பெரும்பாலும் ஹாய்ஸ்டில் இல்லை, கொக்கிக்கும் சுமைக்கும் நடுவில் உள்ள ஸ்லிங்கில்தான். இரண்டு கால் ஸ்லிங்கால் ஒரு டன்னைத் தூக்குகிறோம் என்றால் காலுக்குப் பாதி, அரை டன் என்று மனம் சொல்லும். கால்கள் நேராகத் தொங்கினால்தான் அந்தக் கணக்கு. கால் ஒவ்வொன்றும் தரைமட்டத்திலிருந்து 60 பாகையில் சாய்ந்தால் 577 கிலோ, 45 பாகையில் 707 கிலோ, 30 பாகைக்கு இறங்கினால் ஒவ்வொரு காலும் முழு டன்னைத் தாங்க வேண்டும். ஸ்லிங் குட்டையாக இருந்தால் அதிகம் சாயும். ஸ்டோரில் குட்டை ஸ்லிங்தான் இருக்கிறது என்று அதைக் கொண்டுவருகிறவரை நான் திட்டாத நாளில்லை. உருட்டு இயந்திரத்தின் மேல்பாகத்தைக் கழற்றிப் பழுது பார்க்கும் போதெல்லாம் இந்தச் சண்டை உண்டு. பட்டறைச் சுவரில் மூன்று முக்கோணம் வரைந்து எண்களை எழுதி வைத்தேன். படித்தார்களோ என்னவோ, அடுத்த ஃபோர்மேன் சுவருக்கு வெள்ளையடித்தபோது அதை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

மற்ற ஆலைகளில் ஹாய்ஸ்ட் என்றால் எண்ணெய் போடு, ஓட்டு, முடிந்தது. உணவுத் தொழிலில் அப்படி முடியாது. அதிலும் தேயிலை மோசம். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். பெயின்ட், டீசல், பூசணம் பிடித்த பலகை, சோப்பு எதுவானாலும் சரி. ருசி பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, எந்த மூலையில் என்ன தவறு நடந்தது என்று சொல்லிவிடுவார். அதனால் உற்பத்திப் பிரிவுக்கும் பராமரிப்புப் பிரிவுக்கும் நிரந்தர வழக்கு. சங்கிலிக்கு எண்ணெய் போடாதே, சொட்டும் என்பார்கள் அவர்கள். எண்ணெய் இல்லாத சங்கிலி தேயும், தேய்ந்த சங்கிலி ஒருநாள் அறும் என்போம் நாங்கள். இரண்டும் உண்மை.

உணவுப் பொருள் பட்டாலும் தீங்கில்லை என்று எச்1 தரம் குறிக்கப்பட்ட மசகு வந்த பிறகு வழக்கு பாதி தீர்ந்தது. சாதாரண எண்ணெயைவிட விலை பல மடங்கு. கணக்குப் பிரிவுக்காரர் ஒவ்வொரு தடவையும் பில்லைத் தூக்கிக்கொண்டு வருவார். மீதிப் பாதியைத் தீர்க்க, ஹாய்ஸ்டின் உடம்புக்கு அடியில் தட்டு வைத்தோம்; சங்கிலிக்கு மசகு தடவியதும் துணியால் அழுத்தித் துடைப்பதைப் பழக்கமாக்கினோம். சங்கிலிக்கு உள்ளே, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் மசகு வேண்டும். வெளியே மினுங்குவது வீண், சொட்டுவதற்குத்தான் உதவும். திறந்த கொழுந்துக்கு நேர் மேலே ஹாய்ஸ்ட் நிற்காதபடி நிறுத்தும் இடத்தையும் மாற்றினோம். டீசல் ஃபோர்க்லிஃப்ட் கிடங்கு வாசலோடு நின்றது. உள்ளே பேட்டரியில் ஓடுவது மட்டும். மரப் பேலட்டை மழையில் போட்டுவைத்திருந்தால் அதை உள்ளே விட மாட்டார்கள், சரியாகத்தான் விட மாட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி வாங்கச் சொல்லும் கருவியை ருசி பார்க்கிறவர் ஒதுக்கித் தள்ளுவதை வேறு எந்தத் தொழிலில் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம்தான் எங்கள் காலத்துக்கு வேதம். தூக்கும் இயந்திரம் எதுவானாலும் தொழில்பாதுகாப்புத் துறையான ஜே.கே.கே.பி. அதிகாரி வந்து பார்த்துத் தகுதிச் சான்றிதழ் தர வேண்டும். பி.எம்.ஏ. நம்பர் என்போம். சான்றிதழுக்கு ஆயுள் 15 மாதம். அந்தச் சட்டத்தின் பட்டியலில் லிஃப்ட், கிரேன், வின்ச் எல்லாவற்றோடும் ரோப்வேயும் இருந்தது. கையால் இழுக்கும் செயின் பிளாக் இல்லை. அதனாலேயே சில இடங்களில் செயின் பிளாக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொக்கியின் வாய் விரிந்திருக்கும், நாக்கு உடைந்திருக்கும், இருந்தாலும் ஓடும். சான்றிதழ் தேவையில்லை என்றால் சோதனையும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் பட்டறையில் அதற்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன்.

2024 ஜூன் 1 முதல் 1967 சட்டம் இல்லை. எல்லாம் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. சான்றிதழ் முறை அங்கே தொடர்கிறது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை என்றிருந்தது 5,00,000 ரிங்கிட் வரை என்றாகிவிட்டது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்பதும் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அபராதத்தைவிட அந்த இரண்டாவது வரிதான் பெரிது என்பேன். ஆனால் மேலே ஒரு பை ஆடிக்கொண்டிருக்கும்போது, எப்போது நாடு திரும்பச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒருவர் நான் விலகுகிறேன் என்று சொல்வாரா? அது அவருக்கு மேலே நிற்கும் மண்டோர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

சரக்கு லிஃப்டில் ஆள் ஏறுவதை நிறுத்த நான் பட்ட பாடு தனி. ஓர் ஆலையில், பெயர் வேண்டாம், வேலையாகப் போயிருந்தேன். கதவு மூடினால்தான் ஓடும்படி வைத்த சுவிட்சுக்குள் மடித்த அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தும் லிஃப்ட் ஏறியது. மூட்டையின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான், போனைப் பார்த்துக்கொண்டு. அட்டையைப் பிடுங்கி மேலாளரின் மேசையில் வைத்தேன். “அண்ணே, படி ரொம்ப நேரம் ஆகுது, அதான்” என்றார். அவர் சொன்னதிலும் விஷயம் இருந்தது. மேல்தளத்தில் குடிதண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. ஆட்கள் ஒரு நாளில் பலமுறை இறங்கி ஏற வேண்டும். படியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டுவதற்குப் பதில் மேலே ஒரு குழாய் போடுங்கள் என்றேன். போட்டார்களா என்று தெரியாது.

பேக்கிங் பிரிவுக்கு வருகிறேன். முன்பெல்லாம் தூளைப் பிளைவுட் பெட்டியில் அடைப்பார்கள், மூலைகளில் தகரம் அடித்து. கை கிழியாத ஆள் கிடையாது. பிறகு பல அடுக்குக் காகிதச் சாக்குகள் வந்தன. அவற்றைப் பேலட்டில் அடுக்கி அப்படியே கன்டெய்னரில் ஏற்ற அனைத்துலகத் தர அளவே உண்டு. பெட்டிக்காவது பிடிக்க விளிம்பு இருந்தது. காகிதச் சாக்கை எதைப் பிடித்துத் தூக்குவது? விரல் நுனியால் கிள்ளித் தூக்க வேண்டும். பேலட்டின் கீழ் அடுக்குக்குக் குனிய வேண்டும், மேல் அடுக்குக்குத் தோளுக்கு மேல் ஏற்ற வேண்டும். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

முதலில் பேலட்டுக்கு அடியில் மேசை லிஃப்ட் வைத்தோம். சாக்கு அடுக்க அடுக்க மேசை இறங்கும். அடுக்கும் உயரம் எப்போதும் இடுப்பளவிலேயே நிற்கும். விலை குறைவு, சிக்கல் இல்லை. உணவு ஆலை வைத்திருக்கும் யாராவது முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிறகு வாக்கம் லிஃப்டர் வந்தது. தலைக்கு மேலிருந்து தொங்கும் நெளிவுக் குழாய், நுனியில் ரப்பர் வாய். சாக்கின் மேல் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் காற்றை உறிஞ்சிக் குழாய் சுருங்கும், சாக்கு தானாக எழும்பும். மின்சாரம் போனால் காற்று ஒரேயடியாக உள்ளே புகாமல் தடுக்கும் வால்வு உண்டு. சாக்கு படாரென்று விழாமல் மெல்ல இறங்கும். அதைச் செய்து காட்டிய பிறகுதான் எல்லோரும் கிட்டே வந்தார்கள்.

அங்கே மூத்தவரான அக்கா ஒருவர் இரண்டு நாள் ஓட்டிவிட்டு விட்டுவிட்டார். கேட்டால், “கைப்பிடி என் நெத்திக்கு மேல நிக்கிதுப்பா. நாள் பூரா கைய மேல வச்சிக்கிட்டு நிக்க நான் என்ன போலீஸா?” என்றார். உயரமான ஓர் ஆண் ஓட்டுவதாக நினைத்து உயரம் வைத்திருந்தார்கள். குழாயின் தொங்கு நீளத்தைக் கூட்டி, கைப்பிடியை அவர் மார்பளவுக்கு இறக்கினோம். இப்போது சரி. ஆனால் ஒரு மாதத்தில் உறிஞ்சும் வேகம் குறைந்தது. பாதி வழியில் சாக்கு நழுவியது. திறந்து பார்த்தால் வடிகட்டி முழுக்கத் தேயிலைப் பஞ்சு. தூளைச் சலிக்கும்போது தண்டிலிருந்தும் இலை முடியிலிருந்தும் உதிரும் பழுப்புப் பஞ்சு அது. ஆலையில் அது போகாத இடமே கிடையாது. மோட்டார் மேல் படிந்தால் சூடேற்றும், தீப்பிடிக்கவும் செய்யும். விற்றவர்கள் தந்த புத்தகத்தில் வடிகட்டியை மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருந்தது. மாவு மில்லையும் சிமென்ட் மில்லையும் பார்த்து எழுதியிருப்பார்கள். தேயிலைப் பஞ்சை அவர்கள் பார்த்ததில்லை. ஷிப்ட் மாறும்போதெல்லாம் வடிகட்டியைக் கழற்றித் தட்டும் வேலையை அந்த அக்காவே எடுத்துக்கொண்டார். ஃபிட்டரைக் கூப்பிட்டால் நாளைக்கு வருவான் என்பது அவருக்குத் தெரியும். என் ஆட்களைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான்.

இப்போது ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வந்தவர்கள். பாதுகாப்பாகத் தூக்கும் எடை என்று பீமில் எழுதியிருக்கும் எஸ்.டபிள்யூ.எல். 500 கிலோ என்பதை எண்ணாகப் படிப்பார்கள்; ஒரு தூக்குக்கு எத்தனை பை என்று அதை மாற்ற யாராவது சொல்லித்தர வேண்டும். நாங்கள் பையைப் படமாகவே வரைந்தோம், இத்தனை பைக்கு மேல் கூடாது என்று. மேலே, கீழே, நிறுத்து என்பதற்கெல்லாம் கைச்சைகை. அவசர நிறுத்தத்துக்கு இரண்டு கையையும் உயர்த்தினால் போதும், எந்த மொழிக்காரனுக்கும் புரியும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவின் வேலைக் காயக் காப்புறுதி வந்தது. அதற்கு முன் அவர்களுக்குத் தனி இழப்பீட்டுச் சட்டம், 1952ஆம் ஆண்டினது. கை போனால், கால் போனால் ஃபாரம் நிரப்பலாம். ஆறு வருஷம் சாக்கு தூக்கி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறவனின் இடுப்பு வலிக்கு எந்த ஃபாரம்? அவன் ஊரில் போய்த்தான் படுப்பான். நம் கணக்கில் அந்த ஆலையில் விபத்தே இல்லை.

ஆலைக்குள் இவ்வளவு நடந்தாலும் மலைச்சரிவில் இன்னும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சமமான இடங்களில் இரண்டு பேர் பிடிக்கும் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. பின்னாலேயே நீளப் பை இழுபட்டு வரும். கையால் பறிப்பதைவிடப் பல மடங்கு வேகம். அதனால் பையும் பல மடங்கு வேகமாக நிறைகிறது, கனக்கிறது. அந்தப் பையைச் செடி வரிசைகளின் நடுவே இழுத்து, சரிவில் ஏற்றி, பாதைவரை கொண்டுபோவது இன்னும் ஆள்தான். அறுக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுத் தூக்கும் வேலையை மனிதனிடம் விட்டிருக்கிறோம். சரிவில் கம்பி கட்டி வின்ச் வைத்து இழுக்கலாம் என்று நான் படம் வரைந்து கொடுத்ததுண்டு. பாதை தோறும் தூண் நட வேண்டும், மழையில் மண் சரிந்தால் தூண் சாயும், யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கேமரன் மலையில் மண் சரிவதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதைவிடச் சுலபமான ஒன்றைச் சொன்னேன்: பையைச் சின்னதாகத் தையுங்கள். மேலாளர் ஒத்துக்கொண்டார். மறுத்தது தொழிலாளர்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பை சின்னதானால் பாதைக்கும் தராசுக்கும் நடை கூடும். நடக்கும் நேரத்தில் பறிக்க முடியாது, சம்பளம் குறையும். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு நேப்பாளத் தம்பி எழுந்து, மலாயில், “அண்ணே, உங்க பை என் முதுகுக்கு நல்லது, என் வீட்டுக்கு நல்லதில்ல” என்றான். தராசை மேலே பாதையோரத்தில் வைக்காமல் சரிவின் நடுவிலேயே அங்கங்கே நகர்த்தி வைக்கலாமா, சுமக்கிற வேலைக்குத் தனி ஆளும் தனிக் கூலியும் போடலாமா என்று பேச்சு போயிற்று. கணக்கு எழுதும் கிராணி செலவைப் போட்டுப் பார்த்தார். தனி ஆள் என்றால் செலவு கூடும். நகரும் தராசுக்கு அவ்வளவு ஆகாது, ஆனால் எடை எழுதுகிறவர் தராசோடு சரிவில் இறங்க வேண்டும். கிராணிகள் யாரும் அதற்கு முன்வரவில்லை. நான் ஓய்வு பெறும்போது பேச்சு அந்த அளவில் நின்றிருந்தது. பெரிய பைகள்தான் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கின்றன.